கடனா, குற்றமா?

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 18 முதல் 25 வரை, கிறித்தவ ஒன்றிப்புக்காக மன்றாடும் வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாரத்தின் ஒரு மாலையில், கோவை நகரின் ஆலயம் ஒன்றில் பல சபையினரும் கூடி மன்றாடினோம். நிறைவாக, ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தை எல்லாரும் சேர்ந்து சொன்னோம். சபைக்குச் சபை சொற்கள் சற்றே வேறுபடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அவ்வேறுபாடுகள் கூட்டத்தின் ஒலியில் கரைந்துபோய்விடும். மன்னிப்பு வேண்டும் இடத்தில் மட்டும் அப்படிக் கரையவில்லை. நான் 'குற்றங்களை' என்றேன். எனக்கு அடுத்து நின்ற லுத்தரன் சபைப் பெரியவர் 'கடன்களை' என்றார். இருவரும் திரும்பிப் பார்த்து, மெல்லச் சிரித்துவிட்டுச் செபத்தைத் தொடர்ந்தோம்.

பின்னர்த் தேநீர் அருந்தும்போது அவரே பேச்சைத் தொடங்கினார். எண்பது வயதைக் கடந்தவர். பள்ளித் தலைமையாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். "சின்ன வயதில் பழைய மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்தவன் நான். நாவில் கடன் என்றுதான் வருகிறது. தவறாக எண்ண வேண்டாம்" என்றார்.

"தவறே இல்லை ஐயா. மத்தேயு எழுதியதும் அதுதானே?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இளமையில் சுவீடன் நாட்டுக் குருமார் சிலரோடு பழகியிருக்கிறேன். அவர்கள் மொழியில் இந்தச் சிக்கலே கிடையாது. கடனுக்கும் குற்றத்துக்கும் அவர்களிடம் ஒரே சொல். ஒன்றைச் சொன்னால் மற்றதும் கூடவே வந்துவிடும்" என்றார்.

அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்லாராய்ச்சியில் எனக்கு விருப்பம் உண்டு. ஆனால் உறக்கம் கெட்டதற்குக் காரணம் அதுவன்று. அந்நாளில் ஒருவர் எனக்குக் கடன்பட்டிருந்தார்.

காலியாக இருந்த இடம்

என் வீடு கருமத்தம்பட்டிக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட விசைத்தறிப் பகுதியில் இருக்கிறது. இங்கே பாவும் ஊடையும் பிறரிடமிருந்து வரும். நெய்த துணி பிறரிடம் போகும். கூலி பின்னால் வரும். இடைப்பட்ட நாள்களை ஓட்டுவதற்குக் கைமாற்று வேண்டும். கடன் என்ற சொல் புழங்காத வீடு இங்கே அரிது.

எங்கள் பங்கைச் சேர்ந்த நண்பர் ஒருவர் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். மகளைச் செவிலியர் படிப்பில் சேர்ப்பதற்கு 60,000 ரூபாய் கேட்டார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்திலிருந்து கொடுத்தேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி. பத்திரம் எழுதவில்லை, என் குறிப்பேட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன். ஏழெட்டு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. பின்னர் நூல் விலை ஏறியது, தறிகள் பாதி நாள் நின்றன, வட்டியும் நின்றது. நான் அவரை ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறேன் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

ஆனால் ஞாயிறு காலைத் திருப்பலியில் அவர் வழக்கமாக அமரும் இடம் காலியாக இருக்கத் தொடங்கியது. முதலில் உடல்நலக் குறைவு என்று எண்ணினேன். அவர் பக்கத்துப் பங்குக்குப் போய்ப் பூசை காண்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அமைதியைப் பகிர்ந்துகொள்ளும் நேரத்தில் என்னை நோக்கிக் கைகுவிக்க நேருமே என்று கூசியிருக்கிறார். 'நான் கேட்கவே இல்லையே, இவர் ஏன் ஒளிந்து திரிய வேண்டும்?' என்று நான் உள்ளுக்குள் குறைபட்டுக்கொண்டிருந்த நாள்களில்தான் பெரியவரின் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. கடன்பட்டவர் குற்றவாளியா? இந்தக் கேள்வியோடுதான் அகராதிகளைப் புரட்டினேன்.

வடபுலத்துச் சொல்

பெரியவர் கூறியது உண்மையே. சுவீடிய மொழியில் 'ஸ்குல்ட்' என்றொரு சொல் இருக்கிறது. வங்கிக்குச் செலுத்த வேண்டிய கடனும் அதுவே. மனச்சான்றை உறுத்தும் குற்றப்பொறுப்பும் அதுவே. அதிலிருந்து பிறந்த பெயரடை, இவ்வளவு பணம் தரவேண்டியவர் என்பதையும் நீதிமன்றத்தில் குற்றவாளி என்பதையும் ஒருசேரக் குறிக்கும். செருமானிய மொழியிலும் இதே நிலைதான். டேனியரும் நார்வே நாட்டவரும் இச்சொல்லின் உடன்பிறப்பைப் பெரும்பாலும் குற்றப்பொறுப்புக்கே வைத்துக்கொண்டு, பணக்கடனுக்கு வேறொரு சொல்லை ஆள்கின்றனர். அந்த வேறு சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஓர் உறவு உண்டு. விளைச்சலைக் குறிக்கும் 'யீல்ட்' என்பதே அது. பழைய ஆங்கிலத்தில் அதற்குச் 'செலுத்துதல்' என்பது பொருள். நிலம் விளைவதை, உழைத்தவனுக்கு அது திருப்பிச் செலுத்துவதாக அம்மக்கள் கண்டனர் போலும்.

வடபுலத்தாரின் பழங்கதைகளில் மனிதரின் விதியை வகுக்கும் பெண்கள் மூவர் வருகின்றனர். மூன்றாமவளின் பெயர் 'ஸ்குல்ட்'. வரவேண்டியது எதுவோ, நடந்தே தீரவேண்டியது எதுவோ, அது அவள் பொறுப்பு. எதிர்காலத்தையே செலுத்தப்பட வேண்டிய கடனாக எண்ணிய மனம் அது.

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பம் வேறு உருவில் வாழ்கிறது. 'ஷல்', 'ஷுட்' என்று மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். 'ஷல்' என்பதன் பழம்பொருள் 'நான் கடன்பட்டிருக்கிறேன்' என்பதே. 'செய்ய வேண்டும்' என்பதைக் குறிக்கும் 'ஆட்' என்ற சொல்லும், கடன்படுதலைக் குறிக்கும் 'ஓ' என்ற வினையின் இறந்தகால வடிவமே. அந்த 'ஓ' என்ற வினையோ, தொடக்கத்தில் 'உடைமையாகக் கொள்ளுதல்' என்று பொருள் தந்தது. உடைமையைக் குறிக்கும் 'ஓன்' அதன் உறவினர். சுவீடிய மொழியில் அதே வேரிலிருந்து வந்த சொல் இன்றும் உடைமையைத்தான் குறிக்கிறது. உடையவனே கடன்பட்டவன் என்பதைச் சொற்களின் வரலாறே சொல்லிவிடுகிறது.

இலத்தீன் வழி வந்த சொற்களும் இதற்கு மாறல்ல. கடனைக் குறிக்கும் 'டெட்', கடமையைக் குறிக்கும் 'டியூட்டி' ஆகிய இரண்டும் ஒரே இலத்தீன் வினையிலிருந்து கிளைத்தவை. பிறரிடமிருந்து பெற்றதை வைத்திருத்தல் என்பது அவ்வினையின் அமைப்பு. நம் மூத்தோர் இலத்தீனில் ஆண்டவரின் செபத்தைச் சொன்ன காலத்தில், மன்னிக்குமாறு வேண்டியதும் இக்குடும்பத்துச் சொல்லால்தான். அதாவது, அவர்களும் கடன்களையே மன்னிக்க வேண்டினர்.

தரங்கம்பாடியில் ஒரு வழக்கு

வடபுலத்தாரின் இந்த எண்ணம் தமிழ் மண்ணுக்குத் தொலைவானது என்று கருதிவிட வேண்டாம். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பினர். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அவ்வூர் அவர்கள் ஆட்சியில் இருந்தது. டென்மார்க் அரசர் அனுப்பிய செருமானியரான சீகன்பால்கு 1706-இல் அங்கே வந்து இறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது நாம் அறிந்த செய்தி. அதற்குமுன் அவர் சிறையிருந்ததும், அதற்கு ஒரு கடன் வழக்கு வழிவகுத்ததும் பலர் அறியாதவை.

மறைந்துபோன தமிழ் நாவிதர் ஒருவருக்கும், டேனிய வணிகக் குழுமத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த ஒருவருக்கும் இடையே ஒரு கடன் வழக்கு. அந்த மொழிபெயர்ப்பாளர் கத்தோலிக்கர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நாவிதரின் கைம்பெண்ணுக்காகச் சீகன்பால்கு திரும்பத் திரும்பப் பரிந்து பேசினார். ஆலயத்தில் கோட்டைத் தலைவரின் முன் மண்டியிட்டு முறையிடுமாறு அப்பெண்ணுக்கு அவர் அறிவுரை கூறியதாகவும் சொல்லப்படுகிறது. தலைவருக்குச் சினம் மூண்டது. 1708-இல் தொடங்கி ஏறத்தாழ நான்கு மாதம் குருவானவர் சிறையில் கிடந்தார். ஏழைக் கைம்பெண்ணின் கடன் வழக்கில் பரிந்து பேசப் போனவர் குற்றவாளியாகக் கருதப்பட்டார். கடனும் குற்றமும் எவ்வளவு எளிதில் ஒன்றாகிவிடுகின்றன என்பதற்கு நம் கடற்கரையிலேயே உள்ள சான்று இது.

அப்பணியின் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் உருவானது. அதன் முதல் பேராயராக 1921-இல் பொறுப்பேற்ற ஹாய்மன் சுவீடன் நாட்டவர். 1956-இல்தான் இந்தியர் ஒருவர் அப்பொறுப்புக்கு வந்தார். என் பக்கத்தில் நின்ற பெரியவருக்குச் சுவீடியச் சொல் ஒன்று தெரிந்திருந்ததற்கு இதுவே பின்னணி.

நம் மொழி செய்த பிரிவினை

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் 'கடன்' என்பதற்கும் இரு பொருள் உண்டு. ஆனால் சுவீடிய மொழி இணைத்த இரண்டைத் தமிழ் இணைக்கவில்லை. அங்கே கடனும் குற்றமும் ஒரு சொல். இங்கே கடனும் கடமையும் ஒரு சொல்.

சங்ககாலப் புலவர் பொன்முடியார் புறநானூற்றில் ஒரு தாயின் கூற்றாகப் பாடிய பாட்டு யாவரும் பள்ளியில் படித்ததே. மகனைப் பெற்று வளர்ப்பது தாய்க்கும், சான்றோனாக்குவது தந்தைக்கும், வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கும் உரியவை என்று அத்தாய் அடுக்கிச் சொல்லும்போது, ஒவ்வொன்றையும் 'கடன்' என்ற சொல்லாலேயே குறிக்கிறாள். அத்தாய் எவரிடம் பணம் வாங்கினாள்? எந்தச் சீட்டில் கையெழுத்திட்டாள்? அவள் தாய் என்பதாலேயே கடன்பட்டவள் ஆகிறாள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது நிலவரியைக் குறிக்கும் சொல். நிலத்தை உடையவன் அரசுக்குச் செலுத்த வேண்டியது எதுவோ அது கடமை.

கடவது என்ற வடிவத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் ஒளியைப் படைக்கும் இறைவனின் ஆணை 'உண்டாகக்கடவது' என்று அமைந்திருக்கும். 'செய்யக் கடவேன்' என்பது செய்யும் பொறுப்புடையேன் என்று பொருள்படும். ஆங்கிலேயரின் 'ஷல்' கடனிலிருந்து பிறந்தது போலவே நம்முடைய 'கடவ' என்பதும் கடன், கடமை, கடப்பாடு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிக் குடும்பங்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது வியப்பளிக்கிறது.

நம் அன்றாடப் பேச்சிலும் இதைக் காணலாம். கருமத்தம்பட்டி செபமாலை அன்னைக்கு மெழுகுதிரி ஏற்றி நேர்த்திக்கடன் செலுத்துகிறோம். இறந்தோரை அடக்கம் செய்து இறுதிக்கடன் ஆற்றுகிறோம். விடிந்தெழுந்ததும் காலைக்கடன் முடிக்கிறோம். இவற்றுள் எதிலும் குற்றத்தின் நிழல் இல்லை. தாய்க்கும் அன்னை மரியாவுக்கும் இறந்தோருக்கும் நாம் பட்டிருக்கும் கடன் இழிவன்று. அது உறவின் மறுபெயர்.

ஆயினும் நாம் நம் மொழியின் இந்த நுட்பத்துக்கு உண்மையாக நடந்துகொள்கிறோமா? 'நாணயம்' என்ற சொல்லைப் பாருங்கள். காசும் நாணயமே, நேர்மையும் நாணயமே. கொங்கு நாட்டில் ஒருவரை நாணயமானவர் என்றால் அது பெரும் பாராட்டு. கொடுத்த தவணைக்குப் பணம் வராவிட்டால், நாணயம் தவறிவிட்டார் என்கிறோம். தவறியது காசு மட்டும்தான்; ஆனால் போனது அவருடைய நற்பெயர் முழுவதும். கடனையும் குற்றத்தையும் நம் மொழி முன்வாசலில் பிரித்து வைத்தது. நாம் அவற்றைக் கொல்லைப்புறம் வழியாக ஒன்றுசேர்த்துவிட்டோம்.

இதன் விளைவு சிறிதன்று. முன்பணம் என்ற பெயரில் உழைப்பாளரைத் தளையிடும் கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மிகை வட்டி வசூலிப்பதைத் தடைசெய்து தமிழக அரசு 2003-இல் தனிச் சட்டம் இயற்றியது. அதன் பின்னும் 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தாய் தந்தையரோடு இரு பச்சிளங் குழந்தைகளும் தீக்கு இரையாயினர். பணம் இல்லாமை மட்டுமே ஒரு குடும்பத்தை அந்த எல்லைக்குத் துரத்திவிடுவதில்லை. கடன்பட்டவனைக் குற்றவாளியாக நடத்தும் வட்டிக்காரனின் வாயும், அதை வேடிக்கை பார்க்கும் ஊரின் கண்ணும் சேர்ந்தே துரத்துகின்றன.

ஆண்டவரின் கணக்கு

நம் ஆண்டவர் பேசிய அரமேய மொழியில் கடனையும் பாவத்தையும் குறிக்க ஒரே சொல் வழங்கியது என்று அறிஞர் கூறுகின்றனர். அவ்வகையில் அது சுவீடிய மொழியின் பக்கம் நிற்கிறது. கிரேக்கத்தில் எழுதிய நற்செய்தியாளர்கள் அச்சொல்லை எப்படிப் பெயர்ப்பது என்று தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. மத்தேயு 'கடன்கள்' என்று எழுதினார். லூக்கா முதற்பாதியில் 'பாவங்கள்' என்று எழுதி, நாம் பிறரை மன்னிக்கும் பாதியில் கடன்பட்டோரைக் குறிக்கும் சொல்லையே வைத்தார். 1871-ஆம் ஆண்டுப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மத்தேயுவில் 'கடன்' என்றது. 1995-இல் வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்பு 'குற்றம்' என்றது. இரண்டும் சரியே. ஆனால் 'குற்றம்' என்று மட்டுமே சொல்லிப் பழகிய நமக்கு ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. அச்செபத்தைச் சொல்லும்போது நம் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருவதில்லை.

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் உவமையில் ஆண்டவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தே வைக்கிறார். பணியாளன் ஒருவன் அரசனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அப்படியானால் அவன் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைத்து முடிக்க இரண்டு இலட்சம் ஆண்டுகள் வேண்டும். சற்றுப் பொறுத்தால் எல்லாவற்றையும் தந்துவிடுவேன் என்று அவன் கெஞ்சியதே நகைப்புக்குரியது. அவனுக்கு உடன்பணியாளன் தரவேண்டியிருந்ததோ நூறு தெனாரியம். நூறு நாள் கூலி. நம் தறிக்காரருக்கும் அது சிறு தொகையன்று. நான்கு மாத உழைப்பு. ஆண்டவர் அதை அற்பமாக்கிக் காட்டவில்லை. ஆறு இலட்சம் மடங்கு பெரியதொரு தள்ளுபடியைப் பெற்றவன் கண்ணில் அது எப்படித் தெரிய வேண்டும் என்பதே அவர் எழுப்பும் கேள்வி.

அப்படியானால் கொடுத்த கடனையெல்லாம் தள்ளிவிட வேண்டுமா? இக்கேள்வியை மழுப்பக் கூடாது. கடன் கொடுத்தோர் எல்லாரும் செல்வரல்லர். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, மருந்துக்குக் காசின்றித் தவிக்கும் மூதாட்டிகள் நம் பங்குகளில் உண்டு. அவர்களிடம் போய் 'மன்னித்துவிடுங்கள்' என்று உபதேசிப்பது எளிது, நீதியன்று. வசதியிருந்தும் கொடுக்காதவன் குற்றவாளியே. அங்கே கடனும் குற்றமும் உண்மையிலேயே ஒன்றாகிவிடுகின்றன. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பதிமூன்றாம் அதிகாரத்தில் புனித பவுல், அவரவர்க்கு உரியதைச் செலுத்திவிடுமாறு பணித்த பின்னரே, அன்பு ஒன்றைத் தவிர வேறெந்தக் கடனும் எவருக்கும் வேண்டாம் என்கிறார். பணக்கடன் தீரவேண்டிய கடன். அன்புக்கடன் தீராத கடன்.

இதனால்தான் பழைய ஏற்பாடு விடுதலையை ஈகையாளரின் மனநிலைக்கு விட்டுவிடாமல் சட்டமாக்கியது. ஏழாம் ஆண்டில் கடன் விடுதலையை இணைச்சட்டம் விதித்தது. ஐம்பதாம் ஆண்டில் இழந்த நிலத்துக்குத் திரும்பும் உரிமையை லேவியர் நூல் விதித்தது. இம்மரபைப் பற்றிக்கொண்டே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994-இல் வெளியிட்ட மடலில், ஏழை நாடுகளின் கடன் சுமையைக் குறைப்பது பற்றி எண்ணுமாறு வேண்டினார். 2025-ஆம் யூபிலி ஆண்டை அறிவித்து 2024-இல் மடல் வெளியிட்ட திருத்தந்தை பிரான்சிசும், திருப்பிச் செலுத்தவே இயலாத நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு செல்வந்த நாடுகளைக் கேட்டார். அதைப் பெருந்தன்மை என்று சொல்லாமல் நீதி என்றே சொன்னார்.

தறிக்கூடத்தில்

இவ்வளவையும் படித்து முடித்த பின் ஒரு மாலை நண்பரின் வீட்டுக்குப் போனேன். கடனைத் தள்ளிவிடுவதாகச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு போனேன். என் உள்ளத்தில் உவமையின் அரசன் அமர்ந்திருந்தான் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"வாங்க சார்" என்று எழுந்தவர் தறியை நிறுத்தினார். அந்த இரைச்சல் அடங்கியதும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அவர் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"வேண்டாமுங்க சார். கடனைத் தள்ளிப்போட்டீங்கன்னா நான் தருமம் வாங்குனவனாப் போயிருவனுங்க. வட்டியை வேணும்னா விட்டுருங்க. முதலை மெதுவாக் குடுத்தர்றனுங்க" என்றார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "கோயில்ல என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தீங்களே சார், அதை மட்டும் விட்டுருங்க."

நான் கேட்கவில்லை என்று பெருமைப்பட்டிருந்தேன். ஆனால் என் கண் ஞாயிறுதோறும் கேட்டிருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு வரவேண்டியது பணம். என்னிடமிருந்து அவருக்குப் போகவேண்டியதோ, திருப்பலியில் அருகே அமரும் ஒரு சகோதரனின் இயல்பான முகம். அந்தக் கடனை நான் செலுத்தவில்லை. அது மட்டுமன்று, அவருடைய கடனைக் குற்றமாகவும் மாற்றி அவர் தோளில் ஏற்றிவிட்டேன். அவர் தீர்க்கச் சொன்னது கடனை அன்று. நான் சுமத்திய குற்றத்தை.

மொழிகள் எனக்குக் கற்பித்தது இதுதான். சுவீடியச் சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது: கடவுளின் முன் நாம் ஒவ்வொருவரும் செலுத்த முடியாத கடனில் நிற்கும் குற்றவாளிகளே. ஆனால் அந்தச் சொல்லை அவரவர் தம்மை நோக்கியே சொல்லிக்கொள்ள வேண்டும். பிறரை நோக்கும்போது நமக்குத் தமிழ்ச்சொல்லே வேண்டும். அவர் பட்டிருப்பது கடன் மட்டுமே. அவருக்கு நான் செய்யவேண்டியதும் கடன். இந்தத் திசை மாறிவிடும்போதுதான் கொடுமை பிறக்கிறது. உவமையின் பணியாளன் செய்த தவறும் அதுவே. தன் கடனை வெறும் கணக்காகவும், பிறன் கடனைக் குற்றமாகவும் அவன் பார்த்தான்.

முன்பு 'பாவசங்கீர்த்தனம்' என்று நாம் வழங்கிய திருவருட்சாதனத்தை இன்று 'ஒப்புரவு' என்கிறோம். திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என்றோர் அதிகாரம் இருப்பதை அறிவோம். அங்கே அச்சொல் ஊருக்கு உதவி வாழும் பண்பைக் குறிக்கிறது. பெய்யும் மழைக்கு எவரும் விலை கொடுப்பதில்லை, உதவும் கடப்பாடும் அத்தகையதே என்பது அதன் தொடக்கக் கருத்து. பாவமன்னிப்புக்கு நாம் தேர்ந்துகொண்ட சொல், அண்டை வீட்டாருக்குச் செய்யவேண்டிய கடப்பாட்டைச் சொல்லும் சொல்லாக ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஒப்புரவுக் கூண்டின் முன் மண்டியிடுமுன் மனச்சான்றை ஆராய்வது வழக்கம். அதோடு ஒருமுறை கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்ப்போமே. யார் நமக்குத் தரவேண்டும் என்று அறிவதற்காக அன்று. அதில் எழுதியிருக்கும் பெயர்களை நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்று அறிவதற்காக.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் ஆலயத்துக்கு வந்தார். வழக்கமான இடத்தில் அமர்ந்தார். அமைதியைப் பகிர்ந்துகொள்ளும் நேரம் வந்தபோது இருவரும் கைகுவித்தோம். மாதந்தோறும் ஆயிரமோ, ஐந்நூறோ அவர் கொடுத்துவருகிறார். நானும் வாங்கிக் குறித்துக்கொள்கிறேன். வாங்க மறுப்பது அவரை அவமதிப்பதாகும். ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தில் நான் இன்றும் 'குற்றங்களை' என்றே சொல்கிறேன். ஆனால் அவ்விடம் வரும்போதெல்லாம் என் பக்கத்தில் அந்த லுத்தரன் பெரியவர் நின்று 'கடன்களை' என்று சொல்வது கேட்கிறது. இரண்டையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.